எழுத்துக்கு இல்லம் அமைத்த உமர் தம்பி

தமிழ் எழுத்து காலந்தோறும் தன் இருப்பிடத்தை மாற்றிக்கொண்டே வந்துள்ளது. பாறையிலும் பானை ஓட்டிலும் கீறப்பெற்ற எழுத்து ஓலைக்கு வந்தது. ஓலையிலிருந்து தாளுக்கு வந்தது. தாளிலிருந்து கணிப்பொறித் திரைக்கு வந்தது. இடம் பெயரும் ஒவ்வொரு முறையும் வழியிலேயே அழிந்து போன நூல்கள் பல. கைகொடுத்து ஏற்றப்பெற்றவை சில. அவ்வாறு கைகொடுத்தோரை நன்றியோடு நினைவது எழுதுவோர் அனைவருக்கும் உரிய கடமையாகும்.

ஓலையிலிருந்து தாளுக்குத் தமிழ் பெயர்ந்த காலத்தில் கைகொடுத்தவர்களுள் தலையாயவர் உ.வே. சாமிநாதையர். தஞ்சைத் தரணியின் உத்தமதானபுரத்தில் பிறந்து, மயிலாடுதுறையில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்டு, கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர் அவர். அவர் கற்ற ஊருக்கும் கற்பித்த ஊருக்கும் இடையே, காவிரிக் கரையில் அமைந்திருக்கும் குத்தாலத்து மக்களுக்கு அவர் வரலாற்றைப் புதிதாகச் சொல்ல வேண்டுவதில்லை. ஆனால் அதே தஞ்சை மண்ணின் தென்கோடியில் பிறந்து, தாளிலிருந்து திரைக்குத் தமிழ் பெயர்ந்த காலத்தில் கைகொடுத்த மற்றொருவரைக் கணிப்பொறித் துறையினர் அறிந்த அளவுக்கு இலக்கிய உலகம் அறிந்திருக்கவில்லை. அவர்தாம் அதிராம்பட்டினம் உமர் தம்பி. எளிய மனிதர் ஒருவர் தம் எழுத்தைத் தம் சொந்தப் பக்கத்தில், பிறர் தயவின்றி, உலகம் படிக்கும்படி வெளியிடலாம் என்ற நிலை தமிழில் உருவாவதற்கு உழைத்தவர்களுள் அவர் முன்வரிசையில் நிற்பவர். அவருடைய வாழ்வையும் பணியையும் சுருங்க உரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறந்த ஊர்

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, பாக் நீரிணையின் கரையில் அமைந்த ஊர் அதிராம்பட்டினம். 1934ஆம் ஆண்டில் மேட்டூர் அணையோடு சேர்ந்து பயனுக்கு வந்த கல்லணைக் கால்வாய், பட்டுக்கோட்டைப் பகுதியின் வானம் பார்த்த நிலங்களை வயல்களாக மாற்றியது. அந்த வயல்வெளிகள் முடிந்து உப்பளங்களும் அலையாத்திக் காடுகளும் தொடங்கும் இடத்தில் இவ்வூர் இருக்கிறது. நைடதம் பாடிய அதிவீரராம பாண்டியனின் பெயரால் ஊர் இப்பெயர் பெற்றது என்பர். ஒருபுறம் நெல்லும் மறுபுறம் கடலும் சூழ்ந்த இவ்வூரில் வணிகமும் கல்வியும் நெடுங்காலமாக இணைந்தே வளர்ந்தன. 1955ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற காதிர் முகைதீன் கல்லூரி, கடலோரச் சிற்றூர்களின் பிள்ளைகளுக்கு உயர்கல்வியை வாயிலுக்கே கொண்டுவந்தது.

சீறாப்புராணம் தந்த உமறுப் புலவர், நாகூர்க் குலாம் காதிறு நாவலர் எனத் தமிழுக்குத் தொண்டு செய்த இசுலாமியப் பெரியோரின் வரிசை நீண்டது. அப்புலவரின் பெயரையே தாங்கிய உமர் தம்பி, செய்யுள் ஒன்றும் இயற்றாமலேயே அவ்வரிசையில் இடம்பெற்றார். பாடல் எழுதுவது ஒரு தொண்டு. பாடல் எழுதப்படுவதற்கான ஏட்டைச் செய்து கொடுப்பதும் அதற்கு இணையான தொண்டேயாகும்.

இளமையும் தொழிலும்

உமர் தம்பி 1953ஆம் ஆண்டு சூன் திங்கள் 15ஆம் நாள் பிறந்தார். உள்ளூரிலேயே கல்வி பெற்று, அறிவியலில் பட்டம் பெற்றார். கணிப்பொறியியலை அவர் கல்லூரியில் பாடமாகப் படித்தவர் அல்லர். அவர் மாணவராக இருந்த காலத்தில் நம் நாட்டுச் சிற்றூர்க் கல்லூரிகளில் அப்படியொரு பாடமே இல்லை. அவரை ஈர்த்தது மின்னணுவியல். வானொலி, தொலைக்காட்சி போன்ற கருவிகளைப் பிரித்து, பழுது எங்கே என்று கண்டு, மீண்டும் பேசவைக்கும் கலையில் அவர் தேர்ச்சி பெற்றார்.

இந்தத் தேர்ச்சியை அவருடைய பிற்காலப் பணிக்கான பயிற்சி என்றே கொள்ளலாம். பழுதுநீக்குவோரின் மனப்பாங்கு தனியானது. கருவி ஏன் உருவாயிற்று என்ற ஆராய்ச்சியினும், அது ஏன் இப்போது வேலை செய்யவில்லை என்ற வினாவே அவருக்கு முதன்மையானது. எதிரே காத்து நிற்கும் உரிமையாளருக்குக் கோட்பாட்டை விளக்கிப் பயனில்லை. பெட்டி பேசியாக வேண்டும். தமிழ் இணையம் பேசாமல் நின்ற ஒரு காலத்தில் உமர் தம்பி அதனை அணுகிய முறையும் இதுவே.

கடலோர ஊர்களின் ஆடவர் பொருள்தேடிக் கடல்கடப்பது தமிழகத்தில் பழைய வழக்கம். முன்னோர் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் சென்றனர். 1970களுக்குப் பின்னர் அரபு நாடுகளுக்குச் சென்றனர். உமர் தம்பியும் துபாய் சென்று மின்னணுத் தொழிலில் பல ஆண்டுகள் பணியாற்றினார். அங்கே கணிப்பொறியோடு நெருங்கிப் பழகும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. தாமே முயன்று நிரல் எழுதக் கற்றார். புத்தாயிரத்தின் தொடக்கத்தில் ஊர் திரும்பிய பின்னும் அவருடைய கற்றல் நிற்கவில்லை. பிறர் ஓய்வு தேடும் பருவத்தில் அவருக்கு உண்மையான பணி தொடங்கிற்று.

எழுத்து இருந்தும் படிக்க இயலாத காலம்

உமர் தம்பியின் பணியின் அருமையை உணர்வதற்கு அவர் காலத்துத் தமிழ் இணையத்தின் நிலையை அறிதல் வேண்டும். கணிப்பொறி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற உடன்பாடு இருந்தால்தான் ஒரு கணிப்பொறியில் எழுதியது மற்றொன்றில் அதே எழுத்தாகத் தோன்றும். ஆங்கிலத்திற்கு அத்தகைய உடன்பாடு முன்பே இருந்தது. தமிழுக்கு இல்லை. ஆகவே தமிழ் எழுத்துருக்களை உருவாக்கியோர், ஆங்கில எழுத்துகளுக்கும் பிற குறிகளுக்கும் உரிய இடங்களில் தத்தமக்கு வேண்டியவாறு தமிழ் எழுத்துகளை அமைத்துக்கொண்டனர். ஒருவர் அகரம் வைத்த இடத்தில் மற்றொருவர் ளகரம் வைத்தார். அச்சகத்தைப் பொறுத்தவரை இதனால் தீங்கில்லை. அச்சான தாளில் எண் தெரிவதில்லை. இணையத்திலோ இது பெருந்தடையாயிற்று. ஓர் இணையதளத்தைத் திறந்தால் அதற்குரிய எழுத்துரு தம் கணிப்பொறியில் இருப்போருக்கு மட்டுமே தமிழ் தெரிந்தது. மற்றையோருக்குப் பொருளற்ற குறிகளின் குவியலே தெரிந்தது. பத்துத் தளங்களைப் படிக்க விரும்பியவர் பத்து எழுத்துருக்களை முன்னரே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

விருந்துக்கு அழைத்துவிட்டு, இலையை நீங்களே கொண்டுவாருங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வோர் அளவில் கொண்டுவாருங்கள் என்று சொன்னது போன்ற நிலை அது. சொந்தமாகக் கணிப்பொறி வைத்திருந்தவர் எப்படியோ சமாளித்தார். சிறுநகரத்து இணைய மையத்தில் மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் கொடுத்து அமர்ந்தவர் என்ன செய்வார்? அங்குள்ள கணிப்பொறியில் புதிய எழுத்துருவை நிறுவ அவருக்கு உரிமை இல்லை. நிறுவும் முறையும் தெரியாது. கட்டணம் செலுத்திய நேரம் கழிந்துவிட, ஒருவரி கூடப் படிக்காமல் எழுந்து சென்றவர் பலர்.

இக்குறையைப் போக்கப் பலரும் முயன்றனர். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி இணையத்தில் தமிழை ஏற்றுவதற்கு வழிகண்டார். மலேசியாவின் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை உருவாக்கினார். உலகெங்கும் இருந்த தமிழ் ஆர்வலர் மின்னஞ்சல் வழியே கலந்துபேசி, திஸ்கி எனப்பெற்ற பொதுக் குறியீட்டு முறையை வகுத்தனர். 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்இணையம் 99 மாநாட்டின் வழியாகத் தமிழக அரசு தாம், தாப் என்னும் முறைகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. முறைகள் பெருகின; ஒருமை உண்டாகவில்லை. மற்றொரு புறம், உலக மொழிகள் அனைத்துக்கும் தனித்தனி இடம் ஒதுக்கிய ஒருங்குறி 1991ஆம் ஆண்டிலேயே வெளிவந்திருந்தது. அதில் தமிழுக்கு 128 இடங்கள் கொடுக்கப்பெற்றன. அம்முறையில் ஆங்கிலத்தின் இடத்தைத் தமிழ் கடன் வாங்க வேண்டுவதில்லை. ஒரே பக்கத்தில் தமிழும் பிற மொழிகளும் கலந்து நிற்கலாம். தமிழ்ச் சொல்லை இட்டுத் தேடவும் இயலும். ஆயினும் பெரும்பாலோர் பயன்படுத்திய விண்டோஸ் 95, 98 ஆகியவற்றில் தமிழ் ஒருங்குறிக்கான ஏற்பாடு இல்லை. விண்டோஸ் 2000 வந்த பிறகே தமிழுக்குரிய ஏற்பாடு தொடங்கிற்று; எக்ஸ்பி பதிப்பிலும் அதனைத் தனியே குறுந்தட்டிலிருந்து நிறுவ வேண்டியிருந்தது.

இன்னுமொரு சிக்கலும் உண்டு. ஒருங்குறியில் உயிர்மெய் எழுத்து முழுதாக ஓரிடத்தில் இருப்பதில்லை. மெய்க்குரிய குறியும் உயிர்க்குரிய குறியும் அடுத்தடுத்து வைக்கப்பெறுகின்றன. கண்ணுக்குத் தெரியும்போது எழுத்துரு அவற்றை இணைத்துக் காட்டவேண்டும். கொ என்ற எழுத்தில் கொம்பு ககரத்துக்கு முன்னும் கால் பின்னும் நிற்பது தமிழர் கண்ணுக்கு இயல்பு. கணிப்பொறிக்கு அது கற்பிக்கப்பட வேண்டிய விதி. விதி கற்பிக்கப்படாத இடத்தில் கொம்பு ஒருபுறமும் எழுத்து ஒருபுறமுமாகச் சிதறின. கவிதையைச் சீர்பிரித்து அமைக்கும் கவிஞர்க்கு, தம் எழுத்தே சீர்குலைந்து நிற்பதைக் காண்பது எத்தகைய வேதனை என்பதை எவரும் உணரலாம்.

தேனீ

இச்சூழலில் உமர் தம்பி உருவாக்கியதே தேனீ என்னும் ஒருங்குறி இயங்கு எழுத்துரு. இயங்கு எழுத்துரு என்பது, பக்கத்தோடு தானும் உடன்வரும் எழுத்துரு ஆகும். பக்கத்தை உருவாக்குபவர் அதற்கான சிறு குறிப்பை ஒருமுறை சேர்த்துவிட்டால் போதும். உலகின் எந்த மூலையிலிருந்து ஒருவர் அப்பக்கத்தைத் திறந்தாலும் எழுத்துருக் கோப்பு தானே வந்து சேர்ந்து தமிழைத் திரையில் காட்டும். படிப்பவர் எதையும் இறக்க வேண்டுவதில்லை, நிறுவ வேண்டுவதில்லை, அப்படியொன்று நடந்ததென்று அறியவும் வேண்டுவதில்லை. மேற்கூறிய உவமையால் சொல்வதாயின், விருந்தளிப்பவரே இலையும் போட்டுப் பரிமாறும் முறை இது.

இயங்கு எழுத்துரு என்னும் நுட்பம் உமர் தம்பியின் கண்டுபிடிப்பு அன்று. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் உலாவியில் அதற்கு வழி செய்திருந்தது. அந்நிறுவனம் திறந்துவைத்த வாயிலைத் தமிழுக்கு, அதிலும் ஒருங்குறித் தமிழுக்கு, எளிய மனிதரும் பயன்படுத்தும் வகையில் கொண்டுவந்ததே அவருடைய அருஞ்செயல். அதனை அவர் எல்லார்க்கும் விலையின்றி அளித்தார். தொழிலாகச் செய்திருந்தால் பொருள் ஈட்டியிருக்கலாம். உலகளாவிய வலையை அமைத்த டிம் பெர்னர்சு-லீ பணியாற்றிய செர்ன் ஆய்வு நிறுவனம், 1993ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அதனை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று உலகுக்கு வழங்கியது. அப்பெருங்கொடையின் மரபில் வைத்து எண்ணத்தக்கது அதிராம்பட்டினத்திலிருந்து வழங்கப்பெற்ற இச்சிறுகொடை. பூவுக்குப் பூ சென்று உழைத்துச் சேர்ப்பதைப் பிறர்க்கு விட்டுவிடும் உயிரின் பெயர் அதற்கு அமைந்தது பொருத்தமே.

பிற கருவிகள்

தேனீயோடு அவர் பணி நின்றுவிடவில்லை. வைகை என்ற எழுத்துருவும் அவர் ஆக்கமே. ஆங்கில விசைகளை ஒலிக்கேற்ப அழுத்தினால் தமிழ் எழுத்து தோன்றும் ஒருங்குறி எழுதி ஒன்றை ஆக்கினார். தட்டச்சுப் பயிற்சி இல்லாதவரும் அதன் துணையால் தமிழில் எழுதலாயினர். பழைய குறியீட்டு முறைகளில் எழுதியிருந்தவற்றை ஒருங்குறிக்கு மாற்றித்தரும் மாற்றியையும் உருவாக்கினார். இந்த மாற்றிகளின் பயனைச் சற்று விரித்துரைக்க வேண்டும். ஒரு தமிழாசிரியர் பத்தாண்டுகள் உழைத்துத் தட்டச்சு செய்து வைத்த நூல், அதற்குரிய எழுத்துரு வழக்கொழிந்தால் படிக்கவியலாத குறிக்குவியலாகிவிடும். செல்லரித்த ஓலைக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. மாற்றிகள் அத்தகைய நூல்களை உயிரோடு கரையேற்றின. இத்துறையில் செருமனியில் வாழ்ந்த ஈழத் தமிழர் சுரதா யாழ்வாணன் போன்றோரும், எ-கலப்பை என்னும் எழுதியை அளித்த முகுந்த் முதலியோரும் அக்காலத்தில் இணையாக உழைத்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. ஒருவரை ஒருவர் நேரில் காணாமலே, ஒருவர் விட்ட இடத்தை மற்றொருவர் நிரப்பிய கூட்டுப்பணி அது.

உமர் தம்பி ஆக்கிய கருவிகளுள் இலக்கிய அன்பர்கள் தனியே கருதத்தக்கது செய்தியோடை உருவாக்கி ஆகும். ஒருவர் தம் பக்கத்தில் புதிதாக ஒன்றை எழுதினால், அச்செய்தியை விரும்பிய வாசகர்க்குத் தானே அறிவிக்கும் ஏற்பாடு செய்தியோடை எனப்படும். தினந்தோறும் வாசகர் ஒவ்வொரு தளமாகச் சென்று பார்க்க வேண்டுவதில்லை. தாம் விரும்பும் இருபது எழுத்தாளர்களின் புதிய எழுத்துகள் அவரிடம் வந்துசேரும். அவற்றை வரிசைமாற்றுவாரும் மறைப்பாரும் இடையில் எவரும் இல்லை. எழுதியவருக்கும் படிப்பவருக்கும் இடையே நேராக ஓடும் வாய்க்கால் அது. தமிழ்ப் பக்கங்களுக்கு அத்தகைய ஓடையை எளிதில் அமைத்துக்கொள்ள அவருடைய கருவி உதவியது.

வலைப்பூக்கள் மலர்ந்த காலம்

2003ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தமிழில் வலைப்பதிவுகள் தோன்றலாயின. வலைப்பூ என்ற அழகிய பெயரும் வழக்கில் வந்தது. பிளாகர் என்ற சேவை 1999இல் தோன்றி, 2003இல் கூகுள் நிறுவனத்தின் கைக்கு மாறியிருந்தது. அதன் வழியே எவரும் கட்டணமின்றித் தமக்கென ஒரு பக்கம் அமைத்துக்கொள்ள முடிந்தது. இடம் கிடைத்தது, ஆனால் அந்த இடத்தில் தமிழ் தெரிய வேண்டுமே! வலைப்பதிவர் பலர் தம் பக்கங்களில் தேனீயை இணைத்தனர். பழைய கணிப்பொறியில் படித்தோருக்கும் அப்பக்கங்களில் தமிழ் தெரிந்தது. 2004ஆம் ஆண்டில் காசி ஆறுமுகம் தமிழ்மணம் என்னும் திரட்டியைத் தொடங்கினார். செய்தியோடைகளின் துணையால், தனித்தனியே சிதறிக்கிடந்த பதிவுகள் ஓரிடத்தில் அறிவிக்கப்பெற்றன. பக்கம் அவரவர்க்கு உரியது; அறிவிப்புப் பலகை மட்டும் பொது.

இம்மாற்றம் எழுத்தாளர்க்கு எத்தகைய விடுதலை என்பதை முந்தைய நிலையோடு ஒப்பிட்டால் விளங்கும். குத்தாலம் போன்ற ஊரில் வாழ்ந்த இளங்கவிஞர் ஒருவர் தம் கவிதை அச்சேற விரும்பினால், அஞ்சல்தலை ஒட்டிய உறையோடு சென்னை இதழ்களுக்கு அனுப்பிவிட்டுத் திங்கள்கணக்கில் காத்திருக்க வேண்டும். பெரும்பாலும் அந்த உறையே திரும்பி வரும். அதற்கு மாற்றாகக் கையெழுத்து இதழ்களும் சிற்றிதழ்களும் தோன்றின. சி.சு. செல்லப்பா 1959 முதல் 1970 வரை எழுத்து இதழைத் தம் கைப்பொருளை இழந்து நடத்தியதும், நூல்களைத் தாமே சுமந்துசென்று விற்றதும் தமிழ்ப் புதுக்கவிதை வரலாற்றில் அழியா இடம்பெற்றவை. கும்பகோணத்து ந. பிச்சமூர்த்தியின் புதுக்கவிதைகளுக்கு இடமளித்து வளர்த்தது அச்சிற்றிதழே. பெரிய இதழ்கள் கதவடைத்தபோது எழுத்தாளர் தமக்கெனத் தனிவாயில் அமைத்துக்கொள்வது தமிழில் புதிதன்று. வலைப்பூ அம்மரபின் அடுத்த படி. செல்லப்பாவுக்குத் தேவைப்பட்ட அச்சுக்கூலியும் தாள்விலையும் அஞ்சற்செலவும் இங்குத் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது, திரையில் சிதையாமல் நிற்கும் தமிழ் எழுத்து ஒன்றே. அதனை அளித்தோருள் உமர் தம்பி ஒருவர்.

இதன் பயனாக, இதழ்களின் வாயிலில் நின்றிராத பலர் எழுத வந்தனர். இல்லத்தரசியர், ஆசிரியர், கடல்கடந்த தொழிலாளர், ஈழப்போரால் இடம்பெயர்ந்தோர் எனப் பலரும் தத்தம் வாழ்வைத் தம் சொற்களில் எழுதினர். எல்லாமே உயர்ந்த எழுத்து என்று கூற இயலாது. ஆயினும் தமிழ் உரைநடையின் பரப்பு அக்காலத்தில் விரிந்தது என்பதை மறுக்கவும் இயலாது.

மறைவும் சிறப்பும்

வலைப்பூக்கள் செழித்தோங்கிய 2006ஆம் ஆண்டில், சூலை 12ஆம் நாள் உமர் தம்பி காலமானார். அப்போது அவருக்கு வயது 53. அவரைக் கண்ணால் கண்டிராத வலைப்பதிவர் பலர், அவர் அளித்த எழுத்துருவிலேயே அவருக்கு அஞ்சலி எழுதினர். புலவர் மறைந்தால் அவர் பாடலைப் பாடி இரங்குவது மரபு. எழுத்தின் உருவைச் செய்தவர்க்கு அவ்வுருவே இரங்கற்பா ஆனது.

2010ஆம் ஆண்டு சூன் திங்களில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடைபெற்றது. அதனோடு இணைந்து நிகழ்ந்த தமிழ் இணைய மாநாட்டில் ஓர் அரங்கிற்கு உமர் தம்பியின் பெயர் சூட்டப்பெற்றது. அதே வேளையில் தமிழக அரசு ஒருங்குறியைத் தன் அதிகாரப்பூர்வத் தரமாக அறிவித்தது. அவர் எந்த முறையே தமிழின் எதிர்காலம் என்று நம்பித் தனிமனிதராக உழைத்தாரோ, அந்த முறையை அரசு ஏற்றபோது அவர் மறைந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

பணியின் மதிப்பு

உமர் தம்பியின் பணியை மதிப்பிடும்போது அதன் எல்லையையும் கூறுதல் நேர்மையாகும். தேனீ இயங்கிய நுட்பம் ஒரு நிறுவனத்தின் உலாவிக்கு மட்டுமே உரியதாக இருந்தது. பிற உலாவிகளில் அது பயன்படவில்லை. பின்னர் எல்லா உலாவிகளும் ஏற்ற பொதுமுறைகள் வந்தன. புதிய கணிப்பொறிகளும் கைப்பேசிகளும் தமிழ் எழுத்துருவோடே பிறந்தன. தேனீயின் தேவை குறைந்து, பின் இல்லாமலே போயிற்று. ஆனால் இதனைக் குறையென்று கூறுதல் பொருந்தாது. ஆற்றில் நிலையான பாலம் கட்டப்படும்வரை மக்களைக் கரைசேர்க்கும் ஓடக்காரர், பாலம் வந்தபின் தேவைப்படமாட்டார். அவரால் அக்கரை சேர்ந்தவர்கள் அக்கரையில் இருக்கின்றனர் என்பதே அவர் பணியின் சான்று.

அவ்வாறு கரைசேர்ந்த எழுத்து பின்னர் எங்குச் சென்றது என்பது இன்று எண்ணிப் பார்க்க வேண்டிய வினா. அவர் மறைந்த அதே 2006ஆம் ஆண்டில்தான் முகநூல் அனைவர்க்கும் திறந்துவிடப்பெற்றது. அடுத்த சில ஆண்டுகளில் வலைப்பதிவர் பெரும்பாலோர் தம் பக்கங்களைப் பூட்டிவிட்டு அங்கே குடியேறினர். உடனுக்குடன் கிடைத்த விருப்பக்குறிகளும் பாராட்டும் அவர்களை ஈர்த்தன. இது இயல்பே, சந்தையில் கிடைக்கும் கூட்டம் வீட்டுத் திண்ணையில் கிடைப்பதில்லை. ஆனால் அங்கே எழுதியது யார் கண்ணில் பட வேண்டும், எது மேலே வர வேண்டும், எது அடியில் புதைய வேண்டும் என்பதை எழுதியவரோ படிப்பவரோ முடிவுசெய்வதில்லை. இடத்தின் உடைமையாளர் முடிவுசெய்கிறார். சென்ற ஆண்டு எழுதிய கவிதையைத் தேடினால் எழுதியவருக்கே எளிதில் கிட்டுவதில்லை.

தஞ்சை மாவட்டத்து மக்களுக்குப் பட்டா நிலத்துக்கும் குத்தகை நிலத்துக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை. குத்தகை நிலத்தில் எவ்வளவு உழைத்து எவ்வளவு விளைத்தாலும், வெளியேறு என்று சொல்லும் உரிமை வேறொருவர் கையில் இருந்தது. உழுதவருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதற்காகவே 1952ஆம் ஆண்டில் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. எழுத்தாளர்க்கு இணையத்தில் அத்தகைய சட்டம் ஏதுமில்லை. பலர் தம் முதற்பக்கங்களை அமைத்திருந்த ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டது. ஆர்குட் 2014இல் மூடப்பட்டது. கூகுள் பிளஸ் 2019இல் மூடப்பட்டது. செய்தியோடைகளைப் படிக்கப் பலரும் நம்பியிருந்த கூகுள் ரீடர் 2013இல் நிறுத்தப்பட்டது. ஒவ்வொரு முறையும் குடியிருந்தோர் அறிவிப்பைப் பெற்றனர், மூட்டை கட்டினர், கட்டத் தெரியாதவர் எழுதியவற்றை இழந்தனர். இலவச வலைப்பூவும் முற்றிலும் பட்டா நிலம் அன்று என்பதை இங்கே மறைத்தல் ஆகாது. அதுவும் பிறர் தந்த இடமே. எனினும் அங்கே எழுத்துக்கு நிலையான முகவரி உண்டு, காலவரிசை உண்டு, வேண்டும்போது முழுவதையும் படியெடுத்து வேறிடம் கொண்டுசெல்லும் வழி உண்டு. தமக்கென ஒரு தளப்பெயரைப் பதிவுசெய்து, ஆண்டுதோறும் சிறுதொகை செலுத்திக் காப்பவர்க்கோ பட்டாவுக்கு நிகரான உரிமையே உண்டு.

இவ்விடத்தில்தான் உமர் தம்பியின் கருவிகள் ஒரே கருத்தின் பல வடிவங்கள் என்பது புலனாகிறது. எழுதி, எழுதுபவரைத் தட்டச்சரிடமிருந்து விடுவித்தது. மாற்றி, பழைய எழுத்தை வழக்கொழிந்த எழுத்துருவிலிருந்து விடுவித்தது. தேனீ, படிப்பவரைப் பதிவிறக்கும் தொல்லையிலிருந்து விடுவித்தது. ஓடை, இருவரையும் இடைத்தரகரிடமிருந்து விடுவித்தது. எழுதுபவர் தம் இல்லத்திலிருந்து எழுதவும் படிப்பவர் தம் இல்லத்திலிருந்து படிக்கவும் இடையில் தடையேதும் இன்றி இருக்க வேண்டும் என்பதே அவர் பணி முழுவதிலும் ஊடுருவி நிற்கும் நோக்கம் எனலாம்.

நிறைவுரை

காவிரி குத்தாலத்தைக் கடந்து கிழக்கே கடல் நோக்கிச் செல்கிறது. அதே காவிரியின் நீர் கல்லணையில் பிரிந்து கால்வாய் வழியே தெற்கே பட்டுக்கோட்டைச் சீமைக்கும் செல்கிறது. ஒரே நீரால் வளர்ந்த இருபுறத்து மக்களும் ஒருவரை ஒருவர் அறிந்திருத்தல் நன்று. பட்டுக்கோட்டை என்றதும் 29 வயதில் மறைந்த மக்கள் கவிஞர் கல்யாணசுந்தரம் நினைவுக்கு வருகிறார். அவருடைய ஊரை அடுத்த கடற்கரையில் பிறந்து 53 வயதில் மறைந்த உமர் தம்பியும் இனி அவ்வாறே நினைவுக்கு வரவேண்டும்.

பத்தாண்டு நிறைவு காணும் இவ்விலக்கிய வட்டத்தில் படிக்கப்பெற்ற கவிதைகள் பல. அவற்றுள் அச்சேறியவை சில. கைப்பேசிக் குழுக்களில் பகிரப்பெற்று மறுநாளே மேலேறி மறைந்தவை மிகப் பல. மறைந்தவற்றுள் நிலைக்கத் தக்கவை எத்தனை என்று எண்ணினால் மனம் வருந்தும். உமறுப் புலவரின் பெயர் தாங்கிய அத்தொண்டருக்குச் சிலை எழுப்புவதினும் சிறந்த நன்றிக்கடன் ஒன்றுண்டு. கவிஞர் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு பக்கம் அமைத்து, தம் படைப்புகளை நாளிட்டு, அங்கே முதலில் வைத்துவிட்டுப் பின்னரே சந்தைக்குக் கொண்டுசெல்வதாகும் அது. அக்காலத்தவருக்கு இருந்த தடை எதுவும் இன்று இல்லை. எழுத்துரு உண்டு, எழுதி உண்டு, ஓடையும் உண்டு. அவற்றுக்காக உழைத்தவர் தம் உழைப்பைக் கணக்கெழுதி வைக்காமல் சென்றுவிட்டார். அவர் அமைத்துத் தந்த இல்லத்தில் விளக்கேற்றி வைப்பது எழுதுவோரின் பொறுப்பு.